குப்பைமேட்டில் வீணாகுது கரண்டு!

சின்னசேலம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஜவ்வரிசி ஆலை வாடை தெரியும். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளைகிற மரவள்ளிக்கிழங்கு லாரி ஏறி வந்து அரைபடுகிறது. கிழங்கு கழுவின தண்ணீர், மாவு தெளிந்த தண்ணீர் எல்லாம் தேங்கிப் புளித்தால் மூக்கைப் பொத்த வேண்டியதுதான்.

அந்த நாற்றத் தண்ணீரில் காசு இருக்கிறது! சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பல ஆலைக்காரர்கள் அதை மூடின தொட்டியில் விட்டு, கிளம்புகிற வாயுவைப் பிடித்து ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள். எல்லாம் நம்ம சாண எரிவாயு சங்கதிதான். அதில் எரிகிற சரக்குக்குப் பெயர் மீதேன்.

இதே மீதேன் ஊர்க் குப்பைமேட்டிலும் கிளம்புகிறது. வாழையிலை, அழுகின தக்காளி, ஓட்டல் எச்சில் சோறு எல்லாம் காற்றுப் படாமல் அடியில் அமுங்கினால் போதும். ஆலை முதலாளி பிடித்துக் காசாக்குகிறார். ஊர்க் குப்பையில் வருவது சும்மா வானத்துக்குப் போகிறது.

போனால் என்ன என்கிறீர்களா? 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மேடு தீப்பிடித்தால் அணையவும் விடாது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி நாள்கணக்கில் புகைந்தது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் பற்றிக்கொண்டு, அணைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.

மேட்டிலேயே குழாய் இறக்கி உறிஞ்சலாமே என்பார்கள். மும்பை கோராயில் செய்தார்கள். 1972 முதல் 2007 வரை கொட்டின குப்பையை மூடி, குழாய் போட்டு, வந்த வாயுவை எரித்தார்கள். அது மாநகரத்து வேலை. கள்ளக்குறிச்சி அளவு ஊருக்குக் கட்டாது. ஆழமில்லாத, மூடாத குப்பையில் குழாய் இறக்கினால் வெறுங்காற்றுதான் வரும்.

நமக்கு ஜவ்வரிசி ஆலை வழிதான் சரி. ஈரக் குப்பை மேட்டுக்கே போகக் கூடாது. நேரே தொட்டிக்குப் போகணும். 2016 திடக்கழிவு விதிகளும், மக்குகிற குப்பையை மேட்டில் கொட்டாதே என்றுதான் சொல்லின. நன்றாகப் பிரித்த சாப்பாட்டுக் கழிவு ஒரு டன் இருந்தால் சுமார் 100 யூனிட் கரண்டு எடுக்கலாம். மிஞ்சுகிற கசடு கொல்லைக்கு உரம்.

சென்னை கோயம்பேட்டில் 2005-ல் தினம் 30 டன் மார்க்கெட் கழிவுக்கு ஓர் ஆலை போட்டார்கள். பழுதாகி நின்ற காலமும் உண்டு. தொட்டி கட்டுவது பெரிசில்லை. தினமும் தீனி போட ஆளும், பழுது பார்க்க மெக்கானிக்கும் வேண்டும். அந்தச் சம்பளத்தை முதல் நாளே ஒதுக்கணும்.

இன்னொன்று. வீட்டில் இரண்டு கூடையில் பிரித்துக் கொடுத்ததை வண்டிக்காரர் ஒன்றாகக் கொட்டினால் அடுத்த வாரம் எந்த அம்மா பிரிப்பார்? வீட்டுக் குப்பையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் தொட்டியைக் காய்கறிச் சந்தை பக்கம் போடட்டும். அங்கே பிளாஸ்டிக் கலப்பு குறைச்சல். வரும் கரண்டில் சந்தை விளக்கையே எரிக்கலாம்.