கிழங்கு மண்ணில் மறைந்த அபாயம்

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் விவசாயத்தின் உயிர்நாடி உருளைக்கிழங்கே. கிழங்கை முண்டு முண்டாகத் திரளச் செய்யும் மரு வியாதி அங்கே முதலில் தலைகாட்டியது 2000-ம் வருஷம். 2021 அக்டோபரில் மேலும் இரண்டு வயல்களில் அது காணப்படவே, மறு மாதம் அமெரிக்காவுக்குச் செல்லும் கிழங்கு ஏற்றுமதியைக் கனடா சர்க்கார் நிறுத்தினர். விலைபோகாத நல்ல கிழங்குகள் கோடிக்கணக்கான ராத்தல் அழிக்கப்பட்டன.

இரண்டு வயல்களுக்காக இவ்வளவு கெடுபிடியா? கேள்வி நியாயமானதே. இப்பூஞ்சண வியாதி மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. தானாக வெகுதூரம் பரவுவதுமில்லை. விதைக்கிழங்கோடும், கலப்பையிலும் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணோடுமே ஊர் தாண்டுகிறது.

ஆயினும் அபாயத்தை வேகத்தைக் கொண்டு மட்டும் அளத்தலாகாது. இதன் வித்துக்கள் 40 வருஷங்களுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கவல்லவை. அவற்றை ஒழித்து நிலத்தை மீட்கும் எளிய மருந்து ஏதுமில்லை. தகப்பன் காலத்தில் புகுந்தது மகன் காலத்திலும் தீராது. ஆகவே விதைக்கிழங்குக்குக் கடுங்காவல் அவசியம். உண்பதற்கென்று கழுவி அனுப்பும் கிழங்கினால் வரும் அபாயமோ சொற்பம். அதன் ஏற்றுமதி 2022-ல் மீண்டும் தொடங்கியதே இதற்குச் சாட்சி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று.

நோயைக் கண்ட விவசாயி அதை மறைக்காமல் சொல்ல வேண்டுமானால், சொன்னதற்காக அவன் நாசமடையக் கூடாது. நஷ்டஈடு பிச்சையன்று, நோய்க்காவலின் முதல் அங்கம் அதுவே என்பது நமது துணிபு.