மேய்க்கால் போச்சு, காசு எங்கே?

சேரிக்குப் பூங்கா கிடையாது. சேரிப் பிள்ளைக்கு மைதானம் கிடையாது. இருந்ததெல்லாம் மேய்க்காலும் ஏரிக்கரையும்தான். மாடு மேய்ந்தது அங்கே. புள்ளைங்க கிட்டிப்புள் ஆடினது அங்கே. ஆயாமார் விறகும் மூலிகையும் பொறுக்கினது அங்கே. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலத்திலும் நாம் நிமிர்ந்து நடந்த இடம் அந்தப் பொதுநிலம்தான். அரசாங்கக் கணக்கில் அதற்கு என்ன பேர்? புறம்போக்கு. நம்மைத் திட்டுகிறவன் வாயில் வருகிற சொல்லும் அதேதான்! நிலத்துக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்று பிரித்துப் பார்க்காத ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது.

கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கிராமத்தைப் பாருங்கள். தலித்துகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் காத்து வந்த சுமார் 1,127 ஏக்கரை மக்கள் காடு என்றார்கள். அரசு மேய்க்கால் என்றது, சிப்காட்டுக்குக் கொடுத்தது. 2009-இல் மிஷலின் டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. ஏரிகளுக்குத் தண்ணீர் தருவதே இந்தக் காடுதான் என்று சனங்கள் மறித்தார்கள். போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2012-இல் புகார் பிரான்சு வரை போனது. காடு மட்டும் திரும்பவில்லை. அதே வட்டாரத்தில் 2020 நவம்பரில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் திறந்தார்கள். யாருக்கு? சென்னையின் தாகத்துக்கு.

‘அப்போ தொழிற்சாலையே வேணாமா?’ என்பார்கள். நாம் கேட்பது வேறு. நிலத்தை எடுக்க ஒரு துறை இருக்கிறது, ஒரு கார்ப்பரேஷன் இருக்கிறது, வருசா வருசம் பணமும் இருக்கிறது. நிலத்தைக் காக்க என்ன இருக்கிறது?

2016-இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு 47 ஆயிரம் கோடிக்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் அது வனநிலம் கைமாறும்போது கட்டுகிற பணம், செலவழிப்பது வனத்துறை. மேய்க்கால் என்று எழுதிவிட்டால் காடும் இல்லை, காசும் இல்லை. சென்னை கதீட்ரல் சாலையிலோ 2010-இல் செம்மொழிப் பூங்கா. 2024-இல் அதே சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. தோட்டக்கலைத் துறை ஆள் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கிறது. நல்லது, இருக்கட்டும். காலையில் நடக்கப் பட்டணத்துக்காரனுக்குப் புல்தரை வேண்டும். கும்மிடிப்பூண்டிப் புகையை மூச்சிழுக்கிற சேரிக்காரனுக்கு நுரையீரல் கிடையாதா?

இன்றைய திருவள்ளூர் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. அங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994-இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. பட்டா நிலம் போனது. மிச்சமிருந்த பொதுநிலமும் போகிறது. ஆணை போட்டால் போதாது, காவலுக்குக் காசும் ஆளும் வேண்டும் என்பதுதான் இந்த நூறு வருசத்துப் பாடம்.

அமெரிக்காவில் 1964-இல் ஒரு சட்டம் போட்டு, 1968-இல் அதைத் திருத்தினார்கள். கடலில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவில் அரசுக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு நிலம் காக்கவும், சனங்களின் விளையாட்டிடங்களுக்கும் போக வேண்டும். பல பத்தாண்டுகள் அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பினார்கள். 2020-இல்தான், வருடம் 90 கோடி டாலர் தந்தே தீரவேண்டும் என்று சட்டமாக்கினார்கள். பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்த நாடு அது, புகழ்பாட வரவில்லை. மண்ணைத் தோண்டிச் சம்பாதிப்பவன் மண்ணுக்குக் கொடுக்க வேண்டும், அதையும் சட்டத்தால் கட்டிப்போட வேண்டும் – இந்த ஒரு பாடம் நமக்குப் போதும்.

சிப்காட் மனைகளை விட்டு வரும் பணத்தில் ஒரு பங்கு, அதைச் சுற்றியுள்ள ஊர்களின் மேய்க்காலுக்கும் ஏரிக்கும் மைதானத்துக்கும் வருசா வருசம் போகட்டும். அமைச்சர் மாறினாலும் நிற்காதபடி சட்டமாகட்டும். செலவைக் கிராமசபை முடிவு செய்யட்டும். அந்தச் சபையில் சேரிப் பெண்கள் உட்காரட்டும், பேசட்டும். இல்லையென்றால் அந்தக் காசும் ஊர்த்தெருக் கோயில் குளத்துக்கே போகும்.

ஒன்று எச்சரிக்கை. இந்தப் பணத்தை நம் சிறப்புக் கூறுத் திட்டத்திலிருந்து எடுக்கக் கூடாது. 1979 முதல் கணக்கில் காட்டிக் காட்டியே கரைத்த பணம் அது. 2024-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. நம்ம பாக்கெட்டில் எடுத்து நமக்கே தர்மம் பண்ணுகிற வித்தை இனி வேண்டாம்.

கிராமப் பொதுநிலத்தின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. திட்டம் எங்கே, அதற்கு ஒதுக்கிய ரூபாய் எங்கே என்று அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள்.

1927-இல் அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கியது தாகத்துக்காக மட்டுமல்ல. பொது என்றால் நமக்கும் பொது என்று காட்டத்தான். குளமே இல்லாமல் போனால் எதில் இறங்குவது?