கோணல் எங்கே?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் முன்னோர் வாக்கு. தன் குறையை மறைக்க இடத்தின்மீது பழி போடுவோரை இடித்துரைக்க எழுந்த பழமொழி அது. ஆனால் ஆடியவளும் தேர்ந்தவள், கூடமும் நேரானது, கூடத்தை அளந்த கோல்தான் கோணல் என்றால் யாரைக் குறை கூறுவது? இத்தகைய வழக்கொன்றை அண்மையிற் கரடியனாற்றிலே நாம் கண்டோம். வீட்டிற் கருவி வைத்திருப்போருக்கும், அளவை பயிலும் மாணவருக்கும் பயன்படுமென்று கருதி அதனை இவ்வாரம் எடுத்துரைக்கின்றோம்.

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் உள்ளது கரடியனாறு. அங்கே இளைஞர் ஒருவர் தம் வீட்டு முற்றத்துக் கொட்டிலிலே தச்சுத் தொழில் செய்து வருகின்றார். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களிற் கைகட்டியிருக்க நேர்ந்த அவர், பின்னர் கடன்பட்டு மின்கலத்தில் இயங்கும் மேசை வாள் ஒன்றை வாங்கினார்.

மேசை வாள் என்பது யாது? மேசையின் நடுவேயுள்ள பிளவினூடே வட்டமான வாளலகு மேலெழுந்து சுழலும். மரத்தை நாம் அதனை நோக்கித் தள்ளவேண்டும். மரம் விலகாமற் செல்லப் பக்கத்தில் நீண்ட வழிச்சட்டம் ஒன்று உண்டு. குறுக்கே வெட்டுவதற்கு, மேசையிலுள்ள தவாளிப்பில் ஓடும் தள்ளுசட்டம் ஒன்றும் உண்டு. வட்ட வாள் புதிய பொருளன்று. 1777 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையிலேயே அது குறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கம்பியின்றி இயக்க வழிவகுத்தது, 1991 இற் சந்தைக்கு வந்த இலித்தியம் அயன் மின்கலம்.

இளைஞருக்கு ஒரு மணவீட்டிலிருந்து அலமாரிக்கு வேலை கிடைத்தது. தேக்குப் பலகை அறுத்துக் கதவு இரண்டு பூட்டினார். கதவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மூட்டுகள் வாய் பிளந்து நின்றன. வாளலகு மேசைக்குச் செங்குத்தாக நிற்கின்றதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். சிறிது சாய்ந்திருப்பதாகத் தோன்றவே திருகிச் சரிசெய்தார். தள்ளுசட்டத்தையும் அவ்வாறே திருத்தினார். மீண்டும் வெட்டினார், மீண்டும் கோணல். ஈற்றில் வழிச்சட்டத்தின்மீது ஐயுற்று அதனையும் நகர்த்தினார். அதுவே வினையாயிற்று. சட்டத்தின் பின்முனை வாளலகை நெருங்கிவிட்டமையால், இரண்டிற்குமிடையே பலகை இறுகி, அம்புபோற் பின்னோக்கிப் பாய்ந்தது. அது அவரது இடுப்பை உராய்ந்து சுவரில் மோதிற்று. ஓர் அங்குலம் விலகியிருந்தால் மணவீட்டு அலமாரியைப் பற்றிய கவலையே எழுந்திராது.

"இந்த வாள் சரிவராது மாமா, கடைக்கே திருப்பிக் கொடுக்கப் போகிறேன்" என்றார், விசாரிக்க வந்த முதிய ஓடாவியாரிடம்.

"வாளைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, உன் மூலைமட்டத்தைக் கொண்டா" என்றார் ஓடாவியார்.

மின்கலத்தை முதலிற் கழற்றச் சொன்னதன் காரணத்தை நேயர்கள் ஊன்றி நோக்கவேண்டும். கம்பியுள்ள கருவியாயின், கம்பி பிடுங்கப்பட்டிருப்பதைக் கண்ணாற் காணலாம். கம்பியில்லாத கருவியோ தன் வலிமையை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கின்றது. மின்கலம் வெளியே வந்தாலன்றி வாளலகருகே விரல் செல்லலாகாது.

அடுத்து ஓடாவியார், நேரான விளிம்புள்ள பலகையொன்றில் மூலைமட்டத்தை அணைத்து 30 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு கோடு கீறினார். பின் மட்டத்தை மறுபுறம் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறினார். மட்டம் செம்மையானதாயின் இரு கோடுகளும் ஒன்றன்மேலொன்று விழவேண்டும். அவையோ முனையில் 3 மில்லிமீற்றர் விலகி நின்றன. புரட்டும்போது பிழை இரட்டிப்பதால், மட்டத்தின் உண்மைப் பிழை 1.5 மில்லிமீற்றர், அதுவே 60 சென்ரிமீற்றர் நீளத்தில் 3 மில்லிமீற்றராகும். என்றோ கூரையிலிருந்து விழுந்த மட்டம் அது! நேரான வாளைக் கோணல் மட்டத்துக்கு இணங்கத் திருத்தித் திருத்தி, இளைஞரே கோணலாக்கியிருந்தார்.

ஓடாவியார் தம்முடைய மட்டத்தையும் அவ்வாறே சோதித்துக் காட்டிய பின்னரே வாளிற் கைவைத்தார். வாளலகைச் செங்குத்தாக்கினார். அலகின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அது முன்னே நிற்கும்போது தவாளிப்பிலிருந்து அதன் தூரத்தை அளந்தார். அதே பல்லைப் பின்னே சுழற்றிக் கொணர்ந்து மீண்டும் அளந்தார். வெவ்வேறு பற்களை அளந்தால் அலகின் நெளிவும் கணக்கிற் கலந்துவிடும். பின்னர் வழிச்சட்டத்தைத் தவாளிப்புக்கு இணையாக்கினார். "பின்முனை ஒரு தாளின் தடிப்பு விலகியிருந்தாலும் இருக்கட்டும், வாளை நெருங்க மட்டும் விடாதே" என்று எச்சரித்தார்.

மறுநாட் காலை பார்த்தால் வாளலகு மீண்டும் சற்றே சாய்ந்திருந்தது. இளைஞர் மனமுடைந்தார். ஓடாவியாரோ தூரிகை ஒன்றை எடுத்து, அலகு செங்குத்தில் வந்து நிற்பதற்கான தடுப்புத் திருகின் பின்புறத்தைக் கூட்டினார். ஈரமேறி இறுகிய மரத்தூள் கட்டியாக உதிர்ந்தது. முட்டவேண்டிய இடத்தில் இரும்பு முட்டாமல் தூள் முட்டியிருந்ததே காரணம். அதன்பின் வாள் நிலைத்தது.

திருத்தம் முடிந்ததா என்பதை எவ்வாறு அறிவது? பலகையொன்றைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை மட்டும் புரட்டி, வெட்டுமுகங்களைச் சேர்த்து நேரான விளிம்பொன்றில் அணைத்துப் பார்க்கவேண்டும். இடைவெளி தெரிந்தால் அதில் பாதியே பிழை. இச்சோதனையை மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்ட நிலையிற் செய்தல் நன்று. வலிமை குன்றிய வாள் தயங்கி அறுத்துக் கருகல் வெட்டைத் தரும், நாமோ அதனை அமைப்பின் குறை என்று மயங்குவோம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஆவணியில் இலகுவாய் மூடிய கதவு, வடகீழ்ப் பருவமழை பெய்யும் மார்கழியில் இறுகிக்கொள்ளும். மரம் ஈரத்தை உறிஞ்சி அகலத்திற் பருக்கும். நீளத்தில் மிகச் சிறிதே மாறும். அப்போது வாளைத் திருகத் தொடங்காமல், கதவின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கவேண்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாயுள்ள கதவில் மூலைவிட்டங்களும் சமமாயின் மூலைகள் செம்மையானவை; குற்றம் மழையினது. சமமன்றாயின் குற்றம் வெட்டினது.

இளைஞர் வாளைக் கடைக்குத் திருப்பவில்லை. கதவுச் சட்டங்களைப் புதிதாய் வெட்டிப் பூட்டினார். பாழான தேக்கின் விலை அவர் கைப்பொறுப்பு. அலமாரி மட்டும் மணநாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கோணல் மட்டத்தை எறியப் போனவரை ஓடாவியார் தடுத்து, அதன்மீது சிவப்பு மை பூசிக் கொட்டிலிலே தொங்கவிடச் செய்தார்.

நம் வீடுகளிலும் தராசு உண்டு, கடிகாரம் உண்டு, காய்ச்சல் பார்க்கும் கருவி உண்டு. பிள்ளைகளையும் அயலாரையும் அளக்க நாம் மனத்தில் வைத்திருக்கும் கோல்களும் உண்டு. அளக்கப்படும் பொருளைத் திருத்தத் தொடங்குமுன், அளக்கும் கோலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நலமன்றோ?