உம்ராப் பயணமும் இன்சுலின் குப்பியும்

கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து உம்ராவுக்குப் புறப்படும் நீரிழிவுக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே! அவருடைய பயணம் சென்னை விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலேயே தொடங்கிவிடுகிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு, உண்டு, வண்டி ஏறியவர் பத்தாவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டால், உடலில் மருந்து இருக்கும், உணவு இராது. சர்க்கரை விரைந்து இறங்கும். வியர்வையையும் நடுக்கத்தையும் தடுமாறும் பேச்சையும் மலையிறக்கத்தின் தலைச்சுற்றல் என்று உடன் வருவோர் எண்ணிவிடுவதுதான் பேராபத்து. ஆகவே சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ கட்டாயம் இருக்க வேண்டும். மலைத்தேன் சிறந்ததுதான்; ஆயினும் பன்னாட்டு விமானங்களில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட தேன் புட்டியைக் கைப்பையில் விடுவதில்லை.

இன்சுலினுக்குச் சோதனையின்போது விலக்கு உண்டு. மருந்தின் பெயர், ஊசி, சோதனைக் கருவி ஆகியவற்றைக் குறிப்பிட்டு மருத்துவர் ஆங்கிலத்தில் தரும் கடிதமும், கடவுச்சீட்டில் உள்ளவாறே பெயர் எழுதிய மருந்துச் சீட்டும் போதுமானவை. மருந்தை அதன் அட்டைப் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள்.

பெட்டியில் வைத்து அனுப்பிவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். அது கூடவே கூடாது! சரக்கறையில் குளிர் மிகுந்து இன்சுலின் உறைந்துவிடக்கூடும். உறைந்து உருகிய இன்சுலின், பார்வைக்குத் தெளிவாயிருந்தாலும், பயனற்றது. பெட்டி வழிதவறுவதும் உண்டு. தேவையானதைப் போல் இரு மடங்கு எடுத்து, இரண்டு கைப்பைகளில் பிரித்து வைப்பதே அறிவுடைமை. திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். பயன்பாட்டிலுள்ளதைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைக்கலாம். பனிக்கட்டி நேரே அதன்மீது படலாகாது.

விமானத்தினுள் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்திற்கு ஒப்பாகக் குறையலாம்; அதாவது கொல்லிமலையைக் காட்டிலும் உயரம். அதனால் பேனாவில் ஊசியைப் பொருத்தியபடியே வைத்தால் மருந்து கசியும், காற்றுக் குமிழும் புகும். ஊசியைக் கழற்றி வைத்து, போடுமுன் இரண்டு யூனிட் வெளியே செலுத்திப் பாருங்கள். உணவுக்கு முந்திய ஊசியை, உணவுத் தட்டு கைக்கு வந்தபின்னரே போடுவது நலம். பணிப்பெண் வண்டி தாமதிப்பது வழக்கந்தானே!

சவூதி நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பிந்தியது. நாளொன்றுக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலினை எந்நேரம் போடுவது என்பதைப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இஹ்ராமில் இடுப்பு வாரும் தோள்பையும் தடையல்ல. ஊசி போடுவதும் இஹ்ராமைப் பாதிக்காது. இது தெரியாமல் மருந்தை அறையில் விட்டுச் செல்வோர் உண்டு. மக்காவின் வறண்ட வெப்பத்தில் ஈரத்துணி சுற்றிய பை நன்கு குளிரும். நம் மண்பானையின் சூத்திரமே அது. ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு நடையும் சேர்ந்து மூன்று கிலோ மீட்டருக்கு மேல் ஆகும். தவாஃபுக்குப் பின் தொங்கோட்டத்தைத் தொடங்குமுன் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் முதலில் எதையேனும் உண்ணுங்கள்.