காற்றாலை போல்ட்டுகளுக்கு ஹைட்ரஜன் சோதனை: நிலைப்பாட்டு அறிக்கை

பழைய காற்றாலைகளை மாற்றியமைப்பதற்கும் புதுப்பிப்பதற்கும் அவற்றின் ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டிருப்பதால், பனவடலிசத்திரம் வட்டாரத்தில் ஊரார் காத்தாடி என்று சொல்லும் பழைய இயந்திரங்கள் புதுப்பிப்புக்கு வரும்போது, கோபுரத் துண்டுகளைப் பிணைக்கும் போல்ட்டுகளும் மாற்றப்படக்கூடும். அவ்வாறு வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, மின்வேதியியல் முறையில் ஹைட்ரஜன் அளந்த பிறகே முறுக்க வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருந்தால், அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன் என்றும், அதில் 90 விழுக்காட்டை எட்டும்போது எஃகு மீளாதபடி நீளத் தொடங்கும் என்றும் பொருள். துத்தநாகம் பூசுமுன் துரு போக ஆசிட் தொட்டியில் முக்கும்போது பிறக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி குமிழியாகப் போய்விட, மிச்சம் தனித்தனி அணுக்களாக எஃகுக்குள் புகுந்து, இழுவிசை குவியும் மரையின் அடிப்பள்ளத்தில் சேர்கிறது. முறுக்கிய அன்று குறையின்றி நின்ற போல்ட், சில மணி நேரமோ சில நாளோ கழித்து, பெரிதாக நீளாமலே படக்கென்று முறிவதற்கு ஹைட்ரஜன் நொறுங்குமை என்று பெயர். ஹைட்ரஜன் இரும்பை நொறுங்க வைப்பதை டபிள்யூ. எச். ஜான்சன் 1875-லேயே எழுதிவைத்தார். முறுக்குவிசையை மட்டும் காட்டும் டார்க் ஸ்பேனரால் இதைக் கண்டுபிடிக்க இயலாது.

அச்சத்தைப் பெருக்குவது நோக்கமன்று. முறையாகப் பதப்படுத்திய 10.9 வகையின் கடினம் விக்கர்ஸ் அளவில் 380-ஐத் தாண்டாது. ஆபத்து கூடுவது சுமார் 390-க்கு மேல்தான். எனவே அதைவிட வலிமை கூடிய 12.9 வகையும், பதப்படுத்தலில் பிசகி அளவுமீறிக் கடினமான 10.9 போல்ட்டுகளுமே முதற்கவலைக்கு உரியவை.

சோதனையின் அடிப்படை தமிழ்நாட்டுக்கு அந்நியமன்று. 1962-இல் இசட். ஸ்டாகுர்ஸ்கியுடன் ஹைட்ரஜன் ஊடுருவலை அளக்கும் மின்வேதியியல் முறையை வெளியிட்ட எம். ஏ. வி. தேவநாதன், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் பணியாற்றியவர். அவர்களது அமைப்பில் மெல்லிய உலோகத் தகடு இரண்டு கரைசல் கலங்களுக்கு இடையே நிற்க, ஒருபுறம் மின்னோட்டத்தால் உண்டாக்கிய ஹைட்ரஜன் தகட்டை ஊடுருவி மறுபுறம் வெளிப்படும்போது, ஒவ்வோர் அணுவும் அங்கே ஓர் எலக்ட்ரானை விட்டுச் செல்வதால், ஓடும் மின்னோட்டமே ஊடுருவிய ஹைட்ரஜனின் கணக்காகிறது. இதன் வழிவந்ததும், கப்பலடியில் ஒட்டும் கொட்டலசின் பெயரால் வழங்குவதுமான சிறு கலத்தை எஃகின்மேல் பொருத்திக் காரக் கரைசல் ஊற்றினால், உள்ளேயிருந்து வெளியேறும் ஹைட்ரஜனை அதே முறையில் அளக்கலாம்.

இக்கருவியைக் கோபுர உச்சிக்கு ஏற்றி, மாட்டிய போல்ட்டை அப்படியே சோதிக்கலாம் என்று எவரேனும் விற்க வந்தால் அதை நாங்கள் ஏற்க மாட்டோம். துத்தநாகப் பூச்சு ஹைட்ரஜனை எளிதில் வெளியே விடாது என்பதால் அளக்கும் இடத்தில் பூச்சை நீக்க வேண்டும். நீக்கும் வேலையே புதிய ஹைட்ரஜனைப் புகுத்திவிடவும் கூடாது. ஆதலால் இது தரையில், வழங்குநரின் செலவில், முடிய வேண்டிய வேலை. சுமார் 200 பாகை செல்சியஸில் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றியதாகத் தரும் சான்றிதழ், சூளையில் வைத்ததற்குச் சான்றாகுமே தவிர, எஃகில் மிஞ்சியதற்குக் கணக்காகாது. அளவீட்டுத் தாள், தொகுதி எண்ணுடன் தமிழில், மேலே ஏறும் ஃபிட்டரின் கைக்கு முறுக்கும் வேலை தொடங்குமுன் வந்தாக வேண்டும்.