கதைப் புத்தகம் வகுப்பறைக்குள் வரட்டும்

வகுப்பு நூலகம் குறித்து எங்கள் நிலைப்பாடு

கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு சிறு நூலகம் இருக்க வேண்டும். பிள்ளை தனக்குப் பிடித்த புத்தகத்தைத் தானே எடுத்து, யாரிடமும் கணக்கு ஒப்பிக்காமல் படிக்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு இதையே வலியுறுத்துகிறது.

பள்ளி வளமையம் இருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வளமையம் கட்டாயம் வேண்டும். ஆனால் பொறுப்பாசிரியர் பாடம் நடத்தப் போய்விட்டால் அதன் கதவு பூட்டிக்கொள்கிறது. ஒரு பாடம் முடிந்து அடுத்த ஆசிரியர் வருவதற்குள் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. மழையில் திடல் நனைந்து உடற்கல்வி நின்றுபோனால் அரைமணி நேரம் கிடைக்கிறது. தோட்டத்து வேனில் விடியற்காலையிலேயே வந்து இறங்கும் பிள்ளைக்கு மணியடிக்கும்வரை வேலையில்லை. வாசிப்புப் பழக்கம் இந்த இடைவெளிகளில்தான் வேர்விடுகிறது. அந்த நேரத்தில் புத்தகம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தாக வேண்டும்.

வீட்டில் கிடைத்துவிடும் என்று விட்டுவிடவும் முடியாது. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் நடத்திய மாணவர் மணிமன்றம் தோட்டத்துப் பிள்ளைகளைப் படிக்கவும் எழுதவும் வைத்தது. அந்தக் காலம் போய்விட்டது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழும் 2019இல் நின்றுபோனது. நாளிதழ் வாங்கும் வீடுகள் குறைந்துவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்த இடங்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கம் எத்தனையோ. பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பம் கடைக்குப் போனால் அங்கே அடுக்கியிருப்பவை பயிற்சிப் புத்தகங்கள். கதைப் புத்தகம் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

நீலாம் திட்டத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேச விரும்புகிறோம். மாணவர் வாசித்த நூல்களைப் பதிவுசெய்து ஊக்குவிக்கும் அந்தத் திட்டத்தின் நோக்கம் நல்லது. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் எடுக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தலைப்பு, ஆசிரியர், கதைச்சுருக்கம் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளை என்ன செய்யும்? ஆக மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கும். நண்பனின் சுருக்கத்தைப் பார்த்து எழுதும். தடித்த புத்தகத்தைப் புரட்டி, படத்தைப் பார்த்து, அப்படியே வைத்துவிடும். வகுப்பு நூலகப் புத்தகங்கள் இந்தப் பதிவுக் கட்டாயத்துக்கு வெளியே இருக்கட்டும். பிடிக்காத கதையைப் பாதியில் மூடவும், பிடித்ததை நான்காம் முறை படிக்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு.

புத்தகம் கிழியும், தொலையும். அதற்கு அஞ்சிப் பூட்டிவைக்கக் கூடாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதலாவது, நூல் பயன்பாட்டுக்கே என்பது. தொலைந்த புத்தகத்துக்குப் பிள்ளையிடம் பணம் கேட்பதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டு வெள்ளி தண்டம் கட்டிய பிள்ளை மறுபடியும் அலமாரிப் பக்கம் வராது.

எதை வைப்பது என்பதில் கவனம் வேண்டும். நீதிக்கதைகளும் திருக்குறள் கதைகளும் மட்டும் போதாது. பேய்க்கதை, துப்பறியும் கதை, காற்பந்து, படக்கதை எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்துச் சிறு நூல்களை வெளியிட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அவை நன்கு உதவும். அதோடு நம் மண்ணின் கதையும் வேண்டும். சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகனின் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற நாவல் கையில் இருந்தால் ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கெஞ்ச வேண்டியதில்லை. கூனோங் ஜெராய், பூஜாங் பள்ளத்தாக்கு, பால்வெட்டு, லயன்வீடு இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் நிறைய வர வேண்டும். கெடா எழுத்தாளர்களிடம் நாங்கள் உரிமையோடு கேட்பது இது.

மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளுக்கு இது பெரிய வேலையே அல்ல. இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் படிக்கும் இடத்தில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். இரவல் கணக்கையும் பிள்ளைகளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். அலமாரியில் புத்தகங்களின் முதுகு தெரிய நெருக்கி அடுக்காமல், நாலைந்தையாவது அட்டைப்படம் தெரிய நிறுத்திவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். கறையானுக்கு அஞ்சி, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது.

பணத்துக்கு வழி இருக்கிறது. பரிசளிப்பு விழாவில் கொடுக்கும் கோப்பைகளில் பாதியைப் புத்தகமாக மாற்றுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம். கோயில் நிர்வாகங்கள் திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை அருகிலுள்ள பள்ளியின் ஒரு வகுப்புக்கு ஒதுக்கலாம். முதலாம் ஆண்டு வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அலமாரி வைக்கும் வகுப்புகளுக்கு எங்கள் உறுப்பினர்கள் வாரம் ஒரு நாள் வந்து கதை வாசிக்கத் தயாராக இருக்கிறார்கள். தலைமையாசிரியர்கள் நாளைக் குறித்துச் சொன்னால் போதும்.