40 வருஷக் கணக்கு எங்கே?

ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைத் தெரியாதவர் ஊரில் இல்லை. டீக்கடைக்கு அதுதான் கூரை. சைக்கிள் ஸ்டாண்டுக்கும் அதுதான். மொட்டை மாடியில் ஒரு அறை போட்டால் அதற்கும் அதுதான். விலை மலிவு. கறையான் அரிக்காது. தீப்பிடிக்காது.

ஆனால் அதைச் செய்த தொழிலாளி என்ன ஆனான்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை!

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். பூமியில் இருந்து வெட்டி எடுப்பது. நசுக்கினால் நூல் நூலாகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த இழை, மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் போய்த் தைத்துக்கொள்ளும். லேசில் வெளியே வராது. நாளடைவில் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இதற்கு 'ஆஸ்பெஸ்டோசிஸ்' என்று பெயர். புற்றுநோயும் வரும். கல்நாரில் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்த நோய் உடனே வருவதில்லை. அங்கேதான் வில்லங்கம். தூசி உள்ளே போய் 20 வருஷம், 30 வருஷம், சிலருக்கு 40 வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் தொழிலாளி ரிட்டயர் ஆகியிருப்பான். கம்பெனி கைமாறியிருக்கும், அல்லது கதவைச் சாத்தியிருக்கும். "என்னமோ வயசான காலத்து இருமல்" என்று வீட்டில் சொல்வார்கள். காசநோய் என்று நினைத்து மருந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு.

நோய் இன்று. வேலை செய்தது அன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டினால்தான் நஷ்ட ஈடு. எதைக் காட்டுவது?

இந்தக் கேள்விக்கு 100 வயது ஆகிவிட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண், கல்நார் நூற்கும் மில்லில் வேலை பார்த்தார். 1924-ம் ஆண்டு மார்ச் மாதம் இறந்துபோனார். வயது 33. அவருடைய நுரையீரலில் கல்நார் துகள்கள் இருந்ததை டாக்டர் குக் என்பவர் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். கம்பெனி என்ன செய்தது? பொறுப்பே இல்லை என்று கையை விரித்துவிட்டது. ஈமச் செலவுக்குக்கூடக் காசு தரவில்லை.

சரி, நம் நாட்டு நிலவரம் என்ன?

ஆமதாபாத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் அமைப்பு தொடுத்த வழக்கில், 1995-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய அடிப்படை உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் கணக்கையும் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை கம்பெனி பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றது. குஜராத் தொழிலாளர்களை ஆமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிலையம் மறுபடியும் சோதிக்க வேண்டும், நோய் உறுதியானால் 3 மாதத்துக்குள் ஆளுக்கு ரூ.1 லட்சம் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

நல்ல தீர்ப்பு. 2011-ம் ஆண்டு ஜனவரியில், கல்நாரை அடியோடு தடை செய்யக் கோரிய மனுவை சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. அப்போதும் 1995 உத்தரவுகளை நிறைவேற்றியாக வேண்டும் என்று மறுபடியும் வற்புறுத்தியது.

தீர்ப்பு இருக்கிறது. கணக்கு இருக்கிறதா?

ரோலில் பெயர் உள்ள தொழிலாளிக்காவது ஏதோ ஒரு காகிதம் மிஞ்சும். ஒப்பந்தக்காரர் கூட்டி வந்த கூலிக்கு என்ன மிஞ்சும்? கல்நார் மூட்டை இறக்கியவன் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது? கூரை மேல் உட்கார்ந்து சீட்டை ரம்பத்தால் அறுப்பவன், பழைய பிரேக் லைனிங்கைத் தேய்க்கும் மெக்கானிக், பழைய கப்பலை உடைக்கும் கூலி, இவர்களுக்கு யார் கணக்கு வைப்பது? அவன் சட்டையில் ஒட்டிய தூசியை வீட்டில் துவைத்த மனைவிக்கும் ஆபத்து உண்டே! அவள் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் ஏறாது.

தலைக்கு மேல் முழுசாகக் கிடக்கும் சீட்டைப் பார்த்துக் கடைக்காரர்கள் அலற வேண்டியதில்லை. அதை அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும்தான் தூசி பறக்கும். ஆபத்து முதலில் வேலைக்காரனுக்குத்தான்.

பிரான்சு 1997-ல் கல்நாரைத் தடை செய்தது. இங்கிலாந்து 1999-ல் தடை செய்தது. பல காலம் வெட்டி ஏற்றுமதி செய்த கனடாவே 2018-ல் தடை போட்டது. தடை வரவேண்டியதுதான். ஆனால் இன்றைக்கே தடை போட்டாலும், நேற்றைக்குத் தூசி தின்றவனுக்கு இன்னும் 30 வருஷம் கழித்தும் நோய் வரும். எனவே தடை ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கு முதலில் வரட்டும்.

அரசு செய்ய வேண்டியது நாலே காரியம். ஒப்பந்தக் கூலி உள்பட எல்லோருக்கும் உடல்நல அட்டை கொடுக்க வேண்டும். அதன் நகல் தொழிலாளி கையில் இருக்க வேண்டும். மூடிய ஆலைகளின் கணக்கை அரசே வாங்கிப் பூட்டி வைக்க வேண்டும். இருமலோடு வருகிறவரிடம் "முன்பு என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டு எழுத வேண்டும். நஷ்ட ஈட்டுத் தொகையை உயர்த்த வேண்டும். 1995-ல் ரூ.1 லட்சத்துக்கு 20 பவுனுக்கு மேல் வாங்கலாம். இன்று 2 பவுனுக்கே காணாது!

கம்பெனி விற்ற ஒவ்வொரு சீட்டுக்கும் பில் இருக்கிறது. அதைச் செய்தவனுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டாமா?